ஆவணி வெயிலில் வீராணம்

அணைக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி எட்டரை. கும்பகோணத்திலிருந்து டிக்கெட் 25 ரூபாய். ஆவணி பிறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த நேரத்துக்கே சட்டைக் காலர் நனைந்திருந்தது. வானத்தில் மேகம் என்று சொல்ல ஒரு துணுக்குகூட இல்லை. மேலே வெளிறிய நீலம், கிழக்கே கண் கூசும் வெள்ளை. பாலத்துக்குக் கீழே கொள்ளிடம் மட்டும் செம்பழுப்பு நிறத்தில், ஷட்டர்களை ஒட்டித் தளும்பி நின்றது. ஆகாயத்தாமரைக் கொத்துகள் சுவரோரம் ஒதுங்கி, நுரையோடு மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன.

சிதம்பரத்தில் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள். வீராணம் பக்கம் நல்ல மழை, ஏரி நிறைந்துவிட்டது, இந்த வருஷம் சம்பாவுக்குக் கவலை இல்லை. ஒரே மூச்சில் மூன்று செய்தி. மூன்றையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். ஏரியிலிருந்து தொடங்காமல், ஏரிக்குத் தண்ணீர் வரும் இடத்திலிருந்து தொடங்குவது சரி என்று பட்டது. அந்த இடம் இந்தக் கீழணை. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது. நிறுத்தி வைக்கக்கூடிய தண்ணீர் ஒன்பது அடி உயரம்தான். வடவாறு, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் என்று வாய்க்கால்கள் இங்கிருந்துதான் பிரிகின்றன.

பாலத்து முனையில் அலுமினியத் தாம்பாளத்தில் மீன் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஜிலேபிக் கெண்டை கிலோ 160, கெளுத்தி 250. விரால் இருந்தால் 500க்குக் குறையாதாம், அன்று இல்லை.

“இந்தப் பக்கம் மழை நல்லா பேஞ்சுதாம்மா?”

“யாரு சொன்னா தம்பி? மழை பேஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. நடுவுல ஒரு நா ராத்திரி தூத்தல் போட்டுச்சு, அவ்வளவுதான். மண்ணு நனையல.”

“அப்ப இவ்வளவு தண்ணி?”

“இது மேட்டூர்த் தண்ணி” என்று கையை மேற்கே நீட்டினார்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் படிந்திருந்த புழுதியை விரலால் தொட்டுப் பார்த்தேன். நாள்பட்ட புழுதி. அண்மையில் மழை பட்டிருந்தால் இப்படி மாவாக இருக்காது. முதல் செய்தி அங்கேயே விழுந்தது.

அந்த அம்மா காட்டிய மேற்கு, மேட்டூரோடு முடிவதில்லை. குடகிலும் வயநாட்டிலும் ஜூனிலிருந்து பெய்யும் மழை ஹேமாவதி, ஹாரங்கி, கபினி, கிருஷ்ணராஜசாகர் என்று அணை அணையாக நிரப்பி, பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு, மேட்டூருக்குள் விழுகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புப்படி தமிழ்நாட்டுக்கு ஒரு சாதாரண ஆண்டில் வர வேண்டிய 177.25 டி.எம்.சி.யில் ஆகஸ்ட் மாதப் பங்கு மட்டும் 45.95 டி.எம்.சி. வேறு எந்த மாதத்துக்கும் இவ்வளவு இல்லை. மேட்டூரில் திறந்தால் முக்கொம்பு, அங்கிருந்து கொள்ளிடம் வழியாகக் கீழணை. அத்தனை தூரம் கடந்து வந்த தண்ணீர்தான், தன் தலைக்கு மேலே மேகமே இல்லாத இந்த ஊரில் செம்பழுப்பாக நிற்கிறது.

2018 ஆகஸ்டில் இதே ஆற்றில் போன வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதம் 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்துப் பக்கத்து மேலணையின் ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு மூடியது. அன்று மாலையே மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. மலையின் இரண்டு சரிவிலும் பெய்தது ஒரே மழைதான். அங்கே அத்தனை உயிரைக் கொண்டுபோன மழை, இங்கே டெல்டா முழுவதும் காத்திருந்த தண்ணீராக வந்து சேர்ந்தது. கொள்ளிடத்தைப் பார்க்கும்போது அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அணைக்கரையில் ஆட்டோக்காரர் லால்பேட்டைக்கு 500 கேட்டு 400க்கு இறங்கி வந்தார். வடவாற்றை எங்கெல்லாம் பார்க்க முடியுமோ அந்த வழியாகப் போகச் சொன்னேன். கீழணையிலிருந்து ஏரி வரை சுமார் 22 கிலோமீட்டர் ஓடுகிறது வடவாறு. ஆறு என்று பெயர் இருந்தாலும் வெட்டிய வாய்க்கால்தான். ஒரு மதகடியில் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். தண்ணீர் கரைக்கு இரண்டடி கீழே, சுழிப்பில்லாமல் சீராகப் போய்க்கொண்டிருந்தது. அதே கரையின் மறுபக்கச் சரிவில் கோரைப்புல் நுனி கருகியிருந்தது. பத்தடி இடைவெளியில் தண்ணீரும் வறட்சியும் பக்கம் பக்கமாகக் கிடந்தன.

வழியில் காட்டுமன்னார்கோயில். நாலாயிர திவ்ய பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர். கோயிலில் இருப்பவர் வீரநாராயணப் பெருமாள். ஏரிக்கும் பழைய பெயர் வீரநாராயண ஏரி. பராந்தக சோழனின் பட்டப்பெயர் அது. அவர் மகன் இராசாதித்தன் படைவீரர்களைக் கொண்டு வெட்டிய ஏரி என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. கல்கி ‘பொன்னியின் செல்வன்’ கதையை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் இந்த ஏரிக்கரையில்தான் தொடங்குகிறார். ஆடியில் ஏரி ததும்பியது என்றால் அன்றைக்கும் அது உள்ளூர் மழையாக இருந்திருக்காது. இந்தக் கரையோர மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான் விழுகிறது.

லால்பேட்டையில் இறங்கிக் கரைமேல் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. சுத்தமான மேல்காற்று. ஏரியின் பெரிய கரை கிழக்குப் பக்கம், வடக்கு தெற்காகக் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் நீளம். அதன்மேல் நின்றால் மேற்கே நாலைந்து கிலோமீட்டர் அகலத்துக்குத் தண்ணீர், அதைத் தாண்டி அரியலூர்ப் பக்கத்து மேட்டு நிலம் மங்கலாகத் தெரிகிறது. அந்த அகலம் முழுவதையும் கடந்து வரும் காற்று அலையைத் தள்ளிக்கொண்டு வந்து, கரையில் பதித்த கருங்கல்லில் மோதச் செய்கிறது. சாலை வரைக்கும் திவலை தெறித்தது. உதட்டை நக்கினால் சேற்று வாசம். கரைக்குக் கிழக்கே பத்தடி கீழே இறங்கினால் காற்றே இல்லை, வெயில் மட்டும்.

கலிங்குப் பக்கம் அளவுப் பலகை இருந்தது. ஏரியின் முழு மட்டம் 47.50 அடி. அந்த அளவில் 1,465 மில்லியன் கன அடி கொள்ளும் என்பது கணக்கு. மேட்டூரின் 93.47 டி.எம்.சி.யோடு வைத்துப் பார்த்தால் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. நீர்வளத் துறை லஸ்கர் ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தார். “46.80 இருக்கு சார்” என்றார். பலகையைக் குனிந்து பார்த்தேன். அலை ஏறும்போது 47ஐத் தொட்டது, இறங்கும்போது 46.50 தெரிந்தது. நான் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவரே சொன்னார்.

“காத்துல பாக்காதீங்க சார். தண்ணி பூரா இந்தக் கரைக்கு ஒதுங்கி நிக்கும். விடியக்காலைல காத்து எழும்புறதுக்கு முன்னாடி வாங்க. அதான் நெச மட்டம்.”

“மழையில எவ்வளவு ஏறிச்சு இந்த மாசம்?”

“மழையா? மழையில ஒண்ணும் ஏறல. வடவாறு வர்றது, மெட்ராஸுக்குப் போறது, வெயில் குடிக்கிறது, இந்த மூணுதான் இப்ப கணக்கு.”

வெயில் குடிக்கிறது என்று அவர் சொன்னது சின்னக் கணக்கு அல்ல. காற்றும் வெயிலும் சேர்ந்த இந்த மாதிரி நாளில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் ஆவியாகிப் போவது சாதாரணம். வாரத்துக்கு ஒன்றரை அங்குலம். ஏரி முழுப் பரப்பிலும் ஒன்றரை அங்குலம் என்று நினைத்துப் பார்த்தால்தான் அதன் பெருக்கம் புரியும். சென்னைக்குப் போவது 2004இல் தொடங்கிய புதிய வீராணம் திட்டத்தில், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை. வினாடிக்குக் கணக்கிட்டால் 75 கன அடிக்குச் சற்றுக் குறைவு. வடவாற்றில் வரவு குறைந்து இந்த மேல்காற்று மட்டும் நீடித்தால், பலகையில் எண்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

ஆக, இரண்டாவது செய்தி பெரும்பாலும் உண்மை. ஏரி ஏறக்குறைய நிறைந்திருக்கிறது. காரணம் மட்டும் வேறு.

கரையிலிருந்து இறங்கி ஆயக்கட்டுப் பக்கம் நடந்தேன். கிழக்கே சுமார் 45,000 ஏக்கருக்கு இந்த ஏரிதான் தண்ணீர். அங்கேதான் மூன்றாவது செய்தியின் உண்மை தெரிந்தது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பாசன மதகுகள் திறக்கவில்லை. செப்டம்பரில் திறப்பதுதான் வழக்கம். போர் வைத்திருப்பவர்களின் வயலில் குறுவை பச்சையாக, அங்கங்கே கதிர் தலை சாய்ந்து நின்றது. மற்ற வயல்களில் டிராக்டர் புழுதி உழவு ஓட்டிக்கொண்டிருந்தது. எழும்பிய தூசி கிழக்கே ஒரு கிலோமீட்டர் வரை நீண்டு போனது. மணிக்கு ஆயிரம் ரூபாய் வாடகை என்றார் ஓட்டியவர்.

வரப்பில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். நேரடி விதைப்பு. நாற்று விட்டுப் பறித்து நட ஆள் கூலி கட்டுவதில்லை என்பதால் இந்தக் கடைமடையில் பலரும் புழுதியிலேயே விதைத்துவிடுகிறார்கள். “ஆயிரத்து ஒம்போது தான் விடுறோம், ஏக்கருக்கு முப்பது கிலோ” என்றார். சி.ஆர். 1009 ரகம், ஐந்து மாதப் பயிர். இப்போது விதைத்தால்தான் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் பயிர் வேர் பிடித்து, தண்ணீரில் நிற்கும் உயரத்துக்கு வரும். தள்ளிப் போட்டால் முளைத்த பயிர் நவம்பர் வெள்ளத்தில் மூழ்கும். 2020 டிசம்பரில் புரெவி வந்தபோது இந்தப் பக்கத்து வயல்கள் குளமாக நின்றன. அவசரப்பட்டு இப்போதே விதைத்தாலும் ஆபத்து. ஒரு மழை வந்து முளைக்க வைத்துவிட்டு, அடுத்த மழை வராமல் போனால் முளை கருகிவிடும்.

“ஏரி நெறைஞ்சிருக்கே ஐயா, கவலை இல்லைன்னு சொல்றாங்களே?”

“ஏரில இருக்குது. என் வயல்ல இல்லையே தம்பி. ஒரு உழவு மழை போதும் எனக்கு. அது மேல இருந்துதான் வரணும்.”

காற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு. லால்பேட்டை, கொள்ளுமேடு, எள்ளேரிப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள் இருக்கின்றன. அகத்தி மேல் கொடி படர்ந்து, உள்ளே நுழைந்தால் வெயில் பச்சையாக வடிகிறது. வெளியே இருப்பதைவிட நிச்சயமாக நாலைந்து டிகிரி குறைவாக இருந்திருக்கும். தரை ஈரம் செருப்பில் ஒட்டியது. இங்கே தினம் தண்ணீர் இறைத்துக் கட்டுகிறார்கள். கொடிக்காலின் மேற்கு ஓரத்தில் மட்டும் தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருந்தது. அதையும் மீறி முதல் இரண்டு வரிசையில் கொடி சரிந்து, வெற்றிலை ஓரம் கருகிக் கிடந்தது. ஆடிக்காற்று ஆவணியிலும் அடங்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கொடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தவர், மழை வேண்டும் ஆனால் காற்றோடு வரக் கூடாது என்றார். இந்த மாதத்தில் இங்கே மழை காற்றில்லாமல் வருவதே அபூர்வம்.

மதியம் டீக்கடை. டீ 12 ரூபாய், வாழைக்காய் பஜ்ஜி 8. கைப்பேசியில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைத் திறந்தேன். வெப்பச்சலனம் காரணமாகக் கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை. கடையில் இருந்தவர்கள் இதைக் கேட்டு, “தினமும் இதத்தான் சொல்றாங்க, இங்க வரலயே” என்றார்கள். அறிக்கையில் தவறில்லை. ஓரிரு இடங்கள் என்றால் மழைமானி இருக்கும் நிலையங்களில் கால் பங்குக்குள் என்று வரையறை இருக்கிறது. முக்கால் பங்கு இடங்கள் காய்ந்திருந்தாலும் அந்த முன்னறிவிப்பு பலித்ததாகவே ஆகும். விதையைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்தக் கால் பங்கில் தன் ஊர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு முந்தைய நாளே பதில் சொல்லும் கருவி இன்னும் வரவில்லை.

கத்திரி முடிந்து மூன்று மாதம் ஆகியும் இங்கே வெயில் தணியாததற்குக் காரணம் தெளிவானது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரம் இழந்து சூடாகிவிடுகிறது. காலையிலிருந்து என் முகத்தில் அடித்ததும் அதுதான். அது வலுவாக இருக்கும் நாட்களில் குடகில் கொட்டும், கீழணைக்குத் தண்ணீர் வரும், ஆனால் கடற்காற்றை உள்ளே விடாது. பருவமழை ஓய்ந்து, மழைப்பட்டை இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிட்டால் மேற்கே மழை குறையும். அப்போதுதான் தமிழ்நாட்டில் மாலை இடிமழை கூடுகிறது. தராசின் இரண்டு தட்டு என்றே இதைப் பார்க்கிறேன். ஏரிக்கு நல்ல வாரம் வயலுக்குக் காய்ந்த வாரம். வயலுக்கு நல்ல வாரம் வந்தால் ஏரிக்கு வரவு குறையத் தொடங்கும். இரண்டும் ஒரே வாரத்தில் வருவது அரிது. ஏரி நிறைந்ததைப் பார்த்துக் கவலை இல்லை என்று சிதம்பரத்தில் சொன்னவர்கள் ஒரு தட்டை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

2023 ஆகஸ்ட் இன்னொரு பாடம். இந்தியா முழுவதும் 1901க்குப் பிறகு அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இருந்ததில்லை. எல் நினோ ஆண்டு. அந்த அக்டோபரில் மேட்டூரை மூட வேண்டி வந்தது. மாலை மழை எவ்வளவு வந்தாலும் மலைமழையின் இடத்தை அது நிரப்பாது.

நாலு மணிக்குத் திரும்பவும் கரைமேல் ஏறினேன். முதலில் கண்ணில் பட்டது தென்னை. காலையெல்லாம் கீற்றுகள் கிழக்கே நீண்டு விறைத்திருந்தன. இப்போது தொங்கி நின்றன. காற்று நின்றுவிட்டது. கருங்கல்லில் அலை மோதும் சத்தம் தேய்ந்து, ஏரி நடுவே நீர்க்காகங்கள் உட்கார்ந்த கம்பங்கள் தெளிவாகத் தெரிந்தன. வியர்வை காயவே இல்லை. அரை மணி கழித்துப் பின்கழுத்தில் ஒரு குளுமை. கிழக்கே கடற்கரை இங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர்தான். அங்கிருந்து கடற்காற்று வந்து சேர்ந்துவிட்டது. தென்னங்கீற்று மெல்ல மேற்கே திரும்பியது.

மேற்கே மேகம் எழுந்தது. முதலில் அரியலூர்த் திசையில் வெள்ளைக் கோபுரங்களாக மூன்று. நடுவில் இருந்தது மற்ற இரண்டையும் விழுங்கிக்கொண்டு உயர்ந்தது. ஐந்தரைக்கு அதன் தலை தட்டையாகி நம் பக்கம் நீண்டது, அடிவயிறு கறுத்தது. காரைக்கால் ரேடார் படத்தைத் திறந்தேன். சிவப்புத் திட்டு ஜெயங்கொண்டத்துக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் நடுவே இருந்தது. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பையன்கள் தட்டான் தாழப் பறப்பதைக் காட்டி, மழை நிச்சயம் என்றார்கள். தட்டான்கள் உண்மையிலேயே முழங்கால் உயரத்தில் நூற்றுக்கணக்கில் பறந்தன.

ஆறே காலுக்கு முதல் இடி. லஸ்கர் விசில் அடித்து எல்லாரையும் கரையிலிருந்து இறங்கச் சொன்னார். அவர் கைப்பேசியில் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி இருந்தது. சுற்றுவட்டத்தில் விழும் மின்னலை அது புள்ளி வைத்துக் காட்டியது. மரமில்லாத உயரமான கரை, ஒரு பக்கம் தண்ணீர். மின்னல் நேரத்தில் அங்கே நிற்பதைப் போல ஆபத்து வேறில்லை. கீழே டீக்கடைத் தகரக் கூரைக்குள் நுழைந்தோம். சில்லென்று ஒரு காற்று, மண்வாசனை, கடை முன்னால் சாக்குப் படுதா தூக்கியடித்தது. கூரையில் பெரிய பெரிய துளிகள் நாலைந்து நிமிடம் சடசடத்தன. அத்துடன் நின்றுவிட்டது. வடக்கே மட்டும் மின்னல் எட்டு மணி வரை வெட்டிக்கொண்டிருந்தது. வெளியே வந்து தரையைக் கால்விரலால் கீறினேன். மேல்தோல் நனைந்து, அதன் கீழே காலையில் பார்த்த அதே புழுதி.

காட்டுமன்னார்கோயிலில் 600 ரூபாய் அறையில் தங்கிவிட்டு, விடியும்போதே அளவுப் பலகைக்கு வந்தேன். காற்றில்லை. ஏரி அசையாமல் கிடந்தது. மட்டம் 46.75. லஸ்கர் சொன்னதற்கும் அதற்கும் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகம்தான் வித்தியாசம்.

ஆறரை மணிக்குக் கரைச் சாலையில் சேத்தியாத்தோப்பு போகும் பஸ் வந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். லால்பேட்டை, அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் எல்லாம் உலர்ந்த தார்தான். பூதங்குடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்பு, ஒரு வளைவு தாண்டியதும் சாலை திடீரென்று கறுத்தது. குழிகளில் தண்ணீர். வேலிக் கருவையின் இலைகள் கழுவிவிட்டாற்போல் இருந்தன. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். ஈரத்துக்கும் உலர்ந்ததற்கும் நடுவே சுமார் ஐம்பது அடி மட்டும் புள்ளி புள்ளியாக இருந்தது. அவ்வளவுதான் நேற்று மழையின் எல்லை. ஓரிரு இடங்கள் என்று அறிக்கை சொன்னதன் விளிம்பைக் காலால் தாண்டினேன்.

மழைமானியின் நாள் காலை எட்டரைக்குத்தான் முடியும். அதனால் நேற்று மாலை பெய்தது இன்றைய தேதியில் பதிவாகும். லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்பு, ஸ்ரீமுஷ்ணம் என்று நிலையத்துக்கு ஓர் எண் வரும். இந்த ஐம்பது அடி எந்த எண்ணிலும் தெரியாது.

ஈரப் பக்கத்து வயலில் ஒருவர் குந்தியிருந்தார். நாற்பது வயதிருக்கும். புழுதியில் விதைத்து ஒன்பது நாள் ஆகிறதாம். கையால் மண்ணைத் தோண்டிக் காட்டினார். நாலு விரற்கடைக்கு ஈரம். ஒரு நெல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். உப்பி, முனை வெடித்து, வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

“மொளைச்சிருச்சு சார். இனிமே பத்து நாளைக்குள்ள இன்னொரு மழை வேணும், இல்ல மதகு திறக்கணும். ரெண்டுல ஒண்ணு.”

அங்கிருந்து வடக்கே, ஏரியின் முனையில், சென்னைக்குத் தண்ணீர் எடுக்கும் நீரேற்று நிலையம் இருக்கிறது. வடக்குத்துக்குப் போய்ச் சுத்திகரிக்கப்பட்டு, கடாம்புலியூர் வழியாகப் போரூர் வரை சுமார் 235 கிலோமீட்டர் குழாயில் போகிறது. அவருடைய வயலுக்கும் அந்த நிலையத்துக்கும் நடுவே ஏரித் தண்ணீர் நிறைந்துதான் கிடக்கிறது. மதகு திறக்கும் தேதி மட்டும் மேட்டூர் இருப்பையும் வடவாற்று வரவையும் பார்த்து முடிவாகும்.

அவர் என்னிடம் கேட்டார், மழை வருமா என்று. நான் பார்த்ததைச் சொன்னேன். அன்று காலை அறிக்கையில் குடகு, வயநாட்டுப் பக்கம் மழை தணியும் என்றிருந்தது. நேற்று நாலு மணிக்கே மேல்காற்று விட்டுக்கொடுத்து, கடற்காற்று ஏரி வரை வந்தது. இதே நிலை நீடித்தால் இந்த வாரமும் அடுத்த வாரமும் மாலை இடிமழைக்கு வாய்ப்பு கூடுதல். செப்டம்பர் நடுவில் அது இன்னும் கூடும். ஆனால் இந்தச் சாலையில் கோடு எங்கே விழும் என்று யாரும் சொல்ல முடியாது. மேற்கே மழை தணிந்தால் வடவாற்றில் வரவும் குறையும், மதகைத் திறக்கத் தயங்குவார்கள். அதனால் இரண்டையும் ஒரேயடியாக நம்ப வேண்டாம் என்றேன்.

சற்று யோசித்தார். அவருக்கு மூன்று காணி. இரண்டில் விதைத்தாயிற்று. மூன்றாவதற்கு வாங்கிய விதை மூட்டை வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அதை மதகு திறந்த பிறகு நாற்றங்காலில் விட்டு நடப்போவதாகச் சொன்னார். நடவுக் கூலி கூடும், பரவாயில்லை என்றார். இந்தப் பத்து நாளைக்குப் பக்கத்துப் போர்க்காரரிடம் மணிக் கணக்கில் தண்ணீர் வாங்க முடியுமா என்று கேட்டுவரக் கிளம்பினார்.